15 டன் வெந்தயமும் ஒரு லாட் எண்ணும்

வெந்தயம் இல்லாத மளிகைக் கடை நம்மிடையே கிடையாது. சாம்பார்ப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் தோசை மாவுக்கும் அது வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் இரவில் ஊறவைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். பெருத்த லாபம் தரும் சரக்கு அல்ல என்றாலும், வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று சொல்ல முடியாத சரக்கு. இப்படிப்பட்ட வெந்தயம் 2011ஆம் ஆண்டில் ஐரோப்பாக் கண்டத்தையே உலுக்கிய ஒரு நோய்க்குக் காரணமாக அறியப்பட்டது. அந்த நோயைத் தேடிக் கண்டுபிடித்த வரலாற்றை வணிகர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நோய்க்கிருமி எது என்று சொன்னது ஆய்வகம். அது எந்த வழியாக வந்தது என்று காட்டியது வியாபாரிகளின் பில்.

நோய் வந்த விதம்

ஜெர்மனியில் தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்புக்கு ராபர்ட் கோக் நிறுவனம் என்று பெயர். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த மேதையின் பெயரால் பெர்லினில் இயங்குகிறது. 2011 மே 19ஆம் தேதி, ஹாம்பர்க் நகரிலிருந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு தகவல் வந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் ஒரே மாதிரியான கடும் நோயுடன் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே செய்தி. மறுநாளே நிறுவனத்தின் குழு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது. போய்ப் பார்த்தால் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதே நோயுடன் வரத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் வயிற்றுவலி, பிறகு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. சில நாட்களில் சிலருக்கு இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து போயிற்று. டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு ஓய்வே இல்லாமல் போனது. இந்த நோய் வழக்கமாகச் சிறு குழந்தைகளைத்தான் தாக்கும். இம்முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேலானவர்கள் வயது வந்தவர்கள். அவர்களிலும் பெண்களே அதிகம். நேற்றுவரை நல்ல உடல்நலத்துடன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

ஜூலை 26ஆம் தேதி நோய்ப் பரவல் ஓய்ந்தது என்று அறிவிக்கப்பட்டபோது, ஜெர்மனியில் மட்டும் 3,800 பேருக்கு மேல் நோயுற்றிருந்தார்கள். 800 பேருக்கு மேல் சிறுநீரகப் பாதிப்பு அடைந்தார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பணமும் மருத்துவ வசதியும் சுத்தமும் மிகுந்த ஒரு நாட்டில் நடந்தது இது.

ஆய்வகம் செய்த வேலை

ஈ.கோலை என்பது மனிதர், மாடு முதலியவற்றின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாக் குடும்பம். பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. அவற்றில் ஒரு சில வகைகள் மட்டும் ஷிகா நச்சு என்னும் விஷத்தைச் சுரக்கும். அந்த விஷந்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. உலகில் அதிகம் அறியப்பட்ட கொடிய வகைக்கு ஓ-157 என்று பெயர். அதை ஆய்வகத்தில் அடையாளம் காண ஒரு சுலபமான முறை உண்டு. சார்பிடால் என்ற ஒருவகைச் சர்க்கரை கலந்த தட்டில் வளர்த்தால், ஓ-157 அதைப் புளிக்கச் செய்யாமல் தனித்துத் தெரியும்.

இம்முறை வந்த கிருமி அந்த வகை அல்ல. சார்பிடாலை அது மற்றச் சாதாரணக் கிருமிகளைப் போலவே புளிக்கச் செய்தது. ஆகவே வழக்கமான சோதனைக்கு அது பிடிபடாது. ஜெர்மனியில் இதற்கெனவே உள்ள மியூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வகமும், வெர்னிகெரோடே என்ற ஊரில் உள்ள தேசிய ஆய்வு மையமும் நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கிருமியை ஆராய்ந்து, அது ஓ-104 எச்-4 என்ற மிக அபூர்வமான வகை என்று சில நாட்களுக்குள் சொல்லிவிட்டன. குடலில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகையும், ஷிகா நச்சு சுரக்கும் தன்மையும் ஒரே கிருமியில் சேர்ந்திருந்தன. பல ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கும் அது அசையவில்லை. ஜூன் முதல் வாரத்துக்குள் ஹாம்பர்க் மருத்துவமனையும் சீன தேசத்து ஷென்சென் நகர ஆய்வகமும் சேர்ந்து அதன் மரபணுவையே வாசித்து உலகுக்கு வெளியிட்டன.

இதனால் கிடைத்த பயன் என்ன? கிருமிக்கு ஓர் அங்க அடையாளம் கிடைத்துவிட்டது. போலீசார் கைரேகையை வைத்து ஒப்பிடுவதுபோல, இனி எந்த ஊர் நோயாளியிடமிருந்து எடுத்தாலும், எந்த உணவிலிருந்து எடுத்தாலும், அதே கிருமிதானா அல்லவா என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அது எந்தக் கடை வழியாக, எந்தச் சரக்கில் வந்தது என்று கிருமி சொல்லாது. அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

வெள்ளரிக்காய்மேல் விழுந்த பழி

நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். கிருமி வயிற்றுக்குள் போய் நோய் தெரிய ஏறக்குறைய எட்டு நாட்கள் ஆகின்றன. எட்டு நாட்களுக்கு முன் மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அவர்கள் நினைவுக்கு வந்தவரை தக்காளி, வெள்ளரிக்காய், கீரை இலை என்று சொன்னார்கள். மே 25ஆம் தேதி, வட ஜெர்மனியில் இம்மூன்றையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று அரசு நிறுவனங்கள் எச்சரித்தன.

மறுநாள் மே 26. ஹாம்பர்க் மார்க்கெட்டில் எடுத்த வெள்ளரிக்காய்களில் நச்சு சுரக்கும் ஈ.கோலை இருப்பதாக அந்நகர சுகாதாரத் துறை அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஸ்பெயின் நாட்டுக் காய்கள். செய்தி பரவிய வேகத்தில் ஸ்பெயின் வெள்ளரிக்காயை வாங்க ஆளில்லை. வெள்ளரிக்காயோடு நிற்கவில்லை, அந்நாட்டுக் காய்கறி எதையும் யாரும் தொடவில்லை. லாரி லாரியாகத் திரும்பி வந்தது. தோட்டத்திலேயே அழித்தார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நட்டம் என்று ஸ்பெயின் விளைவிப்போர் தரப்பில் கணக்குச் சொன்னார்கள். ஜூன் 2ஆம் தேதி ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியக் காய்கறி முழுவதையும் தடை செய்தது.

மே 31ஆம் தேதி ஆய்வகத்தின் ஒப்பீட்டு முடிவு வந்தது. வெள்ளரிக்காயில் ஒரு கிருமி இருந்தது உண்மை. ஆனால் நோயாளிகளிடம் இருந்த ஓ-104 எச்-4 அல்ல அது. பழி விழுந்தது ஒரு நாளில். அது நீங்கியது ஐந்து நாள் கழித்து. அதற்குள் ஒரு பருவத்து வியாபாரம் போய்விட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் பல நாடுகளின் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் நிவாரணம் கொடுத்தது. நிவாரணம் கிடைத்தாலும் போன வாடிக்கையைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியும்.

இங்கு நாம் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. ஒரு சரக்கில் ஏதோ ஒரு கிருமி கிடைத்தது என்பது வேறு. நோயுண்டாக்கிய அதே கிருமி கிடைத்தது என்பது வேறு. நம் சரக்கைப் பற்றி யாராவது குறை சொல்லும்போது, ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த கடைக்காரரின் சரக்கைப் பற்றி வதந்தி கிளம்பும்போது, ஒப்பிட்டு முடிவு வரும்வரை வாயைக் கட்டிக்கொள்ளும் கடமையும் நமக்கு உண்டு.

கல்லாவும் சமையலறையும் சொன்ன சாட்சி

நோயாளிகளின் ஞாபகத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்று கண்டவர்கள், எழுத்தில் இருக்கும் சாட்சியைத் தேடினார்கள். பிராங்க்பர்ட் நகரில் ஒரு நிறுவனத்தின் கேன்டீன்களில் சாப்பிட்ட ஊழியர்கள் பலர் நோயுற்றிருந்தார்கள். யார் எந்த நாளில் எதற்குப் பணம் கட்டினார்கள் என்ற கணக்கு கேன்டீன் கல்லாவில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்ததில், பச்சைக் காய்கறிக் கலவை வைத்திருந்த மேசையில் வாங்கியவர்களுக்கே நோய் அதிகம் வந்திருப்பது தெரிந்தது.

அடுத்தது லியூபெக் நகரத்து உணவகம். மே மாதத்தின் நடுவில் அங்கு வந்து சாப்பிட்ட 10 குழுக்களை விசாரித்தார்கள். சாப்பிட்டவர்களிடம் எந்தப் பதார்த்தம் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். பில், முன்பதிவுச் சீட்டு, விருந்தில் எடுத்த புகைப்படம் ஆகியவற்றை வைத்துச் சரிபார்த்தார்கள். அந்தப் பதார்த்தத்தில் என்னென்ன பொருள் எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சமையற்காரரிடம் கேட்டார்கள். சாப்பிட்டவருக்குத் தன் தட்டில் என்ன இருந்தது என்று முழுக்கத் தெரியாது. சமைத்தவருக்குத் தெரியும்.

கேள்வியை இப்படி மாற்றியதும் விடை கிடைத்துவிட்டது. முளைகட்டிய விதைகள் தூவிய உணவைச் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்காக இருந்தது. அங்கு நோயுற்ற அனைவருக்கும் முளை பரிமாறப்பட்டிருந்தது. வேறொரு விசாரணையில் நோயாளிகளின் நினைவை மட்டும் கேட்டபோது, நால்வரில் ஒருவர்தான் முளை சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார். நம் ஊரில் உப்புமாவின் மேல் தூவிய கொத்தமல்லியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதுபோலத்தான்.

பில்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005ஆம் ஆண்டு முதல் ஒரு சட்ட விதி அமலில் இருக்கிறது. உணவுப் பொருள் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் யாரிடம் வாங்கியது, எந்த நிறுவனத்துக்கு விற்றது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு படி பின்னே, ஒரு படி முன்னே, அவ்வளவுதான் கேட்கிறது சட்டம். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாக எழுதினால், உணவு மேசையிலிருந்து விளைந்த நிலம்வரை சங்கிலி அறுபடாமல் போகும்.

அந்தச் சங்கிலியை ஜெர்மானிய அதிகாரிகள் இழுத்துப் பார்த்தார்கள். ஓட்டல், கேன்டீன், விருந்து என்று கூட்டமாகப் பலர் நோயுற்ற 41 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த இடங்களுக்கு முளை எங்கிருந்து வந்தது, அந்த மொத்த வியாபாரிக்கு எங்கிருந்து வந்தது என்று டெலிவரிச் சீட்டுகளையும் பில்களையும் படிப்படியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். 41 வழிகளும் ஒரே ஊரில் போய் முடிந்தன. கீழ் சாக்ஸனி மாநிலத்தில் பீனன்பியூட்டல் என்ற சிற்றூர். அங்கே பலவகை விதைகளை முளைகட்டி விற்கும் ஒரு பண்ணை. ஜூன் 5ஆம் தேதி மாநில அமைச்சர் இதை வெளியிட்டார். ஜூன் 10ஆம் தேதி மத்திய நிறுவனங்கள் உறுதி செய்து, தக்காளி, வெள்ளரி, கீரை இலை ஆகியவற்றின் மேலிருந்த எச்சரிக்கையை நீக்கின. குற்றமற்ற சரக்குக்கு விடுதலை கொடுத்ததும் அந்தப் பில் சங்கிலிதான்.

பண்ணை மூடப்பட்டது. ஆனால் பண்ணைக்குக் கிருமி எப்படி வந்தது? தண்ணீரா, வேலையாட்களா, விதையா? பண்ணையில் பலவகை விதைகள் இருந்தன. இந்தக் கேள்விக்கு விடை பிரான்சிலிருந்து வந்தது.

50 கிராம் பாக்கெட்

பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே பேகிள் என்னும் ஊர். ஜூன் 8ஆம் தேதி அங்கு ஒரு சிறுவர் மையத்தில் விழா நடந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்த உணவின்மேல் முளைகளைத் தூவினார்கள். அந்த முளை ஜெர்மானியப் பண்ணையில் வாங்கியது அல்ல. கடையில் விதைப் பாக்கெட் வாங்கி அவர்களே முளைகட்டியது. விழாவில் சாப்பிட்டவர்களில் சிலர் நோயுற்றார்கள். ஆய்வகம் சோதித்தது. அதே ஓ-104 எச்-4.

ஜெர்மானியப் பண்ணைக்கும் பிரெஞ்சு விழாவுக்கும் பொதுவானது எது? இரு நாட்டுக் கொள்முதல் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் இருந்த விதைகளில், ஒரே மூலத்திலிருந்து வந்ததாக நின்றது வெந்தயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011 ஜூலை 5ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், இரண்டு நோய்க் கூட்டங்களையும் இணைப்பது பெரும்பாலும் எகிப்திலிருந்து இறக்குமதியான 48088 என்ற எண்ணுள்ள வெந்தய லாட்டாக இருக்க வேண்டும் என்று சொன்னது.

அந்த லாட்டின் பயணம் நமக்குப் பழக்கமான வியாபாரப் பயணந்தான். மொத்தம் 15 டன். 2009 நவம்பர் 24ஆம் தேதி எகிப்தின் டாமியெட்டா துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் கிளம்பியது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் போய், அங்கிருந்து ஹாலந்தின் ராட்டர்டாம் போய், பிறகு சாலை வழியே ஜெர்மனியில் இறக்குமதியாளரிடம் சேர்ந்தது. அவர் பத்தரை டன்னை ஒரு வியாபாரிக்கு விற்றார். அந்த வியாபாரி முளைப் பண்ணைக்கு அனுப்பியது 75 கிலோ. நம் கணக்கில் ஒன்றரை மூட்டை. மொத்த லாட்டில் இருநூறில் ஒரு பங்கு. இன்னொரு பகுதி இங்கிலாந்துக்குப் போய், 50 கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டப்பட்டு, பிரான்சுக்குச் சென்றது. மொத்தத்தில் அந்த லாட் 12 நாடுகளில் உள்ள 70 நிறுவனங்களுக்குப் பிரிந்து போயிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரக்கு கப்பலேறியது 2009 நவம்பரில். நோய் வந்தது 2011 மே மாதத்தில். ஒன்றரை வருடம் காய்ந்த விதையில் அந்தக் கிருமி உயிரோடு இருந்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். உலர்ந்த சரக்கு, பழைய சரக்கு, ஆகவே பயமில்லை என்று நினைப்பது சரியல்ல.

விதையில் கிருமி கிடைக்கவில்லை

இந்த வரலாற்றில் நம்மை அதிகம் யோசிக்க வைப்பது இந்தப் பகுதி. அந்த லாட் வெந்தயத்தை எத்தனையோ முறை ஆய்வகங்களில் சோதித்தார்கள். ஒரு தடவைகூட ஓ-104 எச்-4 அதில் அகப்படவில்லை. முளையில் கிடைத்ததும் ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டியில் எடுத்த, பிரித்த பாக்கெட்டில்தான். பிரித்த பாக்கெட் என்றால், நோயாளியின் கையிலிருந்தே அது ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். எகிப்து தரப்பில் தங்கள் விதை காரணமல்ல என்றே சொன்னார்கள்.

விதையில் ஏன் கிடைக்கவில்லை? 15 டன்னில் கிருமி சமமாகக் கலந்திருக்காது. எங்கோ ஒரு மூட்டையின் ஒரு மூலையில் சில விதைகளில் ஒட்டியிருக்கும். ஆய்வகம் எடுப்பதோ சில கிராம் மாதிரி. ஆனால் விதையை ஊறவைத்து, ஈரத்திலும் இளஞ்சூட்டிலும் இரண்டு மூன்று நாள் வைக்கும்போது, விதை முளைப்பதற்கு ஏற்ற அதே சூழ்நிலை கிருமி பெருகுவதற்கும் ஏற்றதாகிவிடுகிறது. ஒன்று இரண்டாக இருந்தது கோடிக்கணக்கில் ஆகிவிடும். பிறகு அதைச் சமைக்காமல் சாப்பிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஆய்வகத்தின் கையில் இல்லாத சாட்சியை நிரப்பியவை கணக்குப் புத்தகங்கள். 48088 என்ற எண் எந்தப் பில்லிலும் இல்லாமல் போயிருந்தால், பழி வெள்ளரியிலேயே நின்றிருக்கலாம். ஜெர்மானியப் பண்ணையின் தண்ணீரிலோ வேலையாட்களிலோ நின்றிருக்கலாம். மீதி வெந்தயம் கடைகளில் விற்றுக்கொண்டே இருந்திருக்கும்.

அறிக்கை வந்த உடனே ஐரோப்பிய ஒன்றியம் கடும் நடவடிக்கை எடுத்தது. அந்த எகிப்திய ஏற்றுமதியாளரிடமிருந்து 2009 முதல் 2011 வரை வந்த வெந்தயத்தைத் திரும்பப் பெற்று அழிக்கச் சொன்னது. எகிப்திலிருந்து சிலவகை விதைகள், பயறுகள் வருவதையே சில காலம் தடுத்தது. 2013இல் புதிய விதிமுறைகளும் வந்தன. முளைகட்டும் விதைக்கு ஒவ்வொரு லாட்டுக்கும் தனிக் குறிப்பு வேண்டும். முளைகட்டும் இடத்துக்கு அனுமதி வேண்டும். முளையைச் சோதிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் விதிமுறைகள் 2011 ஆகஸ்டு 5ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தன. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, நாம் இன்னொரு வியாபாரிக்கு உணவுப் பொருள் விற்கும்போது கொடுக்கும் பில்லே, அந்தச் சரக்கின் தரத்துக்கு நாம் கொடுக்கும் எழுத்துப்பூர்வமான உத்தரவாதமாகக் கருதப்படும். இதன் மறுபக்கம், நாம் வாங்கும்போது பெறும் பில் நமக்குப் பாதுகாப்பு. துண்டுச் சீட்டில் வாங்கிய சரக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2022 ஜனவரி முதல் பில்லில் உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு லாட்டில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், முறையாக ஆராய்ந்து வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, அந்த லாட் முழுவதுமே பாதுகாப்பற்றது என்று கொள்ளப்படும். லாட்டைப் பிரித்து வைத்திருப்பவருக்கு அந்த ஒரு லாட் போகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து வைத்திருப்பவர் எந்த லாட் எது என்று சொல்ல முடியாது. அவருக்குக் கிடங்கில் உள்ள அந்தச் சரக்கு முழுதும் போகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பில் இல்லாமல் சரக்கை இறக்க வேண்டாம். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பில்லில்லாச் சரக்கை வாங்கினால், நாளை ஒரு சிக்கல் வரும்போது சங்கிலி நம் கடையிலேயே அறுந்து நிற்கும். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கேயே பழி தங்கும்.

2. மூட்டையில் உள்ள லாட் எண்ணை இருப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். எண் இல்லாமல் வந்தால் நாமே ஓர் எண் போடலாம். வந்த தேதியும், கொடுத்தவர் பெயரின் முதல் எழுத்தும் போதும். ஓர் அட்டையில் எழுதி மூட்டையில் கட்டிவிடலாம். மூட்டைக்கு இரண்டு நிமிட வேலை.

3. டப்பாவில் மீதமுள்ள பழைய சரக்கின்மேல் புது மூட்டையைக் கொட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பழையதை விற்று முடித்து, டப்பாவைத் துடைத்து, பிறகு புதியதைக் கொட்டுங்கள். மூட்டையின் சீட்டை அந்தச் சரக்கு தீரும்வரை டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.

4. பெரிய மூட்டையைப் பிரித்து 50 கிராம், 100 கிராம் பாக்கெட் போடுபவர்கள், மூட்டையின் எண்ணைப் பாக்கெட்டிலும் போட வேண்டும். பிரான்சில் நோயின் மூலத்தைக் காட்டிக்கொடுத்தது 50 கிராம் பாக்கெட்தான்.

5. மொத்த வியாபாரிகள் சில்லறைக் கடைக்கும் ஓட்டலுக்கும் போடும் பில்லில் லாட் எண்ணைச் சேர்க்க வேண்டும். குறிப்பாக ஓட்டல், விடுதி, கல்யாணச் சமையல் ஆகியவற்றுக்குப் போகும் சரக்கில் இது அவசியம். ஒரே சமையலை நூறு பேர் சாப்பிடும் இடங்கள் அவை.

6. இந்தக் கிருமியின் இருப்பிடம் குடல். ஆகவே சாணம், எலிப் புழுக்கை, பறவை எச்சம், அழுக்குத் தண்ணீர் இவை சரக்கில் படக்கூடாது. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். எரு ஏற்றிய லாரியைக் கழுவாமல் அதில் சரக்கை ஏற்ற விடாதீர்கள்.

7. விதைப்புக்கென்று மருந்து கலந்து வரும் விதையை உணவுச் சரக்கோடு ஒரே இடத்தில் வைக்கவே கூடாது.

8. முளைகட்டச் சரக்கு வாங்கும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முளைகட்டிய பயறையும் வெந்தயத்தையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது. முக்கியமாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். நன்றாகக் கொதித்தால் இந்தக் கிருமி செத்துவிடும். நாம் குழம்பிலும் ரசத்திலும் போட்டுக் கொதிக்கவிடும் வெந்தயத்துக்கு இந்தப் பயம் இல்லை. இதைத் தெளிவாகச் சொன்னால் வெந்தய வியாபாரம் குறையாது. கடையின்மேல் நம்பிக்கை கூடும்.

9. அதிகாரிகள் ஒரு லாட்டைப் பற்றிக் கேட்டு வந்தால், அந்த லாட்டின் விற்பனையை அப்போதே நிறுத்தி, தனியே வைத்து, மேலே சீட்டு ஒட்டுங்கள். பயத்தில் கொட்டிவிடவோ, வேறு சாக்கில் மாற்றவோ வேண்டாம். வாங்கிய பில்லையும் விற்ற பில்லையும் எடுத்துக் கொடுங்கள். சரக்கு கொடுத்தவருக்கும் வாங்கிச் சென்றவர்களுக்கும் உடனே சொல்லுங்கள்.

சிறு கடைக்காரர் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கடையைத் திறந்தால் மூடும்வரை தனியாளாக நிற்பவர்கள் நம்மில் பலர். எல்லாச் சரக்குக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சமைக்காமல் சாப்பிடக்கூடிய சரக்குகளிலிருந்து தொடங்குங்கள். பாசிப்பயறு, வெந்தயம், பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, எள், பேரீச்சை, முந்திரி, திராட்சை என்று பட்டியல் சிறியதுதான். 40 பக்க நோட்டு ஒன்று போதும். மூட்டை வரும்போது ஒரு வரி. தீரும்போது ஒரு வரி.

நம் முன்னோர் நாள்வழியும் பேரேடும் எழுதியது பணத்துக்குக் கணக்கு வைக்க. வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்று ஒரு பைசா பிசகாமல் அவர்கள் எழுதினார்கள். அதே பழக்கத்தை மூட்டைக்கும் நீட்டிக்கொள்வதுதான் இப்போது தேவைப்படுவது. ஹாம்பர்க் மருத்துவமனையில் இருந்தவர்களைப் போல முகம் தெரியாத எத்தனையோ பேர் நம் சரக்கை நம்பிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் உயிருக்கும் நம் பெயருக்கும் அந்த ஒரு வரி காவல்.

இன்று கடையைச் சாத்துமுன் ஏதேனும் ஒரு மூட்டையின்மேல் கைவைத்துப் பாருங்கள். இது யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வந்தது, இதே லாட்டில் யார் யாருக்கு அனுப்பினோம் என்று பில்லை எடுத்துக் கால்மணி நேரத்துக்குள் சொல்ல முடிகிறதா? முடிந்தால் மகிழ்ச்சி. முடியவில்லையென்றால் நாளைக் காலையில் இறங்கும் முதல் மூட்டையிலிருந்து தொடங்குங்கள்.